எலுமிச்சை மணமும் இளங்கசப்பும்

தமிழ்ச் சங்க மலரில் பீர் காய்ச்சுவது பற்றியும் ஒரு கட்டுரையா என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருப்பர். அவர்களுக்கு முதற்கண் இரண்டு சொற்கள். இக்கட்டுரை எவரையும் குடிக்க அழைப்பதன்று. நொதித்தல் என்பது நம் வீட்டு இட்லி மாவுக்கும் ஆப்ப மாவுக்கும் உறவான ஓர் இரசாயனத் தொழில். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழைத் துழாவி அகன்ற தட்டில் ஆறவைத்து, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் மது விளைவிக்கும் முறையை ஒழுங்காகச் சொல்லுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதை நாம் கூசாமல் பாடம் கேட்கிறோம் என்றால், வாற்கோதுமையில் அதே வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய்வதற்கும் கூச்சம் வேண்டியதில்லை.

இரண்டாவது சொல் சட்டம் பற்றியது. நம் நாட்டில் மது மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் வீட்டிலோ விடுதி அறையிலோ பீர் காய்ச்சுவது ஆயத்தீர்வைச் சட்டங்களின்படி குற்றம். பழங்குடி மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு அரிசி மது காய்ச்சிக்கொள்ளச் சில மாநிலங்களில் விலக்கு உண்டு. அந்த விலக்கு நமக்கு இல்லை. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருவர் 100 காலனும், இருவரோ மேற்பட்டவரோ வாழும் வீட்டினர் 200 காலனும் விற்பனைக்கல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். அங்கும் மிசிசிப்பி, அலபாமா ஆகிய இரு மாநிலங்கள் 2013 வரை இணங்கவில்லை. ஆகவே நான் எழுதுவது, கடல் கடந்து படிக்கப் போகும் அன்பர்களுக்குச் செய்முறையாகவும் இங்கிருக்கும் நமக்கு இரசாயனமாகவும் பயன்படுமேயன்றி, இதைப் படித்துவிட்டு யாரும் வாளி தேடிப் புறப்பட வேண்டா.

எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். நம் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் இப்போது ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் ஆராய்ச்சி செய்கிறார். அவரும் வீட்டுத் தோழர்கள் மூவரும் சேர்ந்து, தம்முள் ஒருவர் டாக்டர் பட்டம் பெறும் நாளுக்கென்று 20 லிட்டர் பேல் ஏல் காய்ச்சத் தீர்மானித்திருக்கின்றனர். "தம்பி, மூன்று செய்முறை கிடைத்திருக்கிறது. எங்களுக்கு வேண்டியது எலுமிச்சை, கிச்சிலி மணம். கசப்பு இருக்க வேண்டும், ஆனால் முகம் கோணக் கூடாது. நீ உயிர் இரசாயனம் படிக்கிறவன். எது என்று சொல். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம், நாளும் குறித்தாயிற்று, தப்பினால் மறுபடி காய்ச்ச நேரமில்லை" என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் அனுப்பிய விடையின் விரிவே இது.

பேல் ஏல் என்பது என்ன? முளைகட்டிய வாற்கோதுமையை, அதாவது மால்ட்டை, கருகாமல் இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெளிறிய நிறமாக இருக்கும். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான சாறு இறங்கும். அந்தச் சாற்றை ஹாப் என்னும் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து 18 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நொதிக்கவிட்டால் பேல் ஏல். நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது லாகர் என்னும் வேறு வகை; அது இதைவிடக் குளிர்ச்சியில் நொதிப்பது.

பேல் ஏலுக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனை அடுத்த பௌ என்னும் இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்தது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் கம்பெனி போட்டிக்கு இறங்கியது. மாதக் கணக்கான வெப்பக் கடற்பயணத்திற்கு அனுப்பும் பீருக்கு ஹாப் மிகுதியாகச் சேர்த்தனர். ஹாப்பின் கசப்புப் பொருள், பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களை வளரவிடாது. அன்று கசப்பு ஒரு காவற்காரனாக இருந்தது. குளிர்பதனப் பெட்டி உள்ள இன்றைய வீட்டுக்கு அவ்வளவு காவல் வேண்டியதில்லை. கசப்பை நாக்கின் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். நண்பர் கேட்பது முறையான கேள்விதான்.

இனி ஹாப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்; செய்முறை தேர்வதற்குத் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஹாப் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததென்றாலும் அந்த மயக்கம் இதில் இல்லை. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. பெண் கொடியின் பூக்கூம்பைப் பிரித்தால் இதழடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அத்தூளில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று பிசின், அதில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. மற்றொன்று ஆவியாகும் எண்ணெய், மணம் அதனுடையது.

ஆல்ஃபா அமிலம் இருக்கிறபடியே சாற்றில் அதிகம் கரையாது. அவ்வளவாகக் கசக்கவும் செய்யாது. கொதிக்கும்போது அதன் அணுக்கள் இடம் மாறி அமைந்து ஐசோ ஆல்ஃபா அமிலம் ஆகிறது. அதுதான் பீரின் கசப்பு. இம்மாற்றம் மெதுவாக நடப்பது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் போட்டதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே பீருக்கு வந்து சேரும். எண்ணெயின் கதை நேர்மாறானது. அது கொதிக்கக் கொதிக்க நீராவியோடு போய்விடும். ஒரு மணி நேரம் கொதித்த ஹாப்பில் மணம் என்று சொல்லத்தக்கது மிஞ்சுவதில்லை.

நம் வீட்டு ரசத்தை நினைத்துக்கொண்டால் போதும். மிளகும் சீரகமும் முதலிலேயே போய்க் கொதிக்கின்றன. கொத்தமல்லித் தழையை மட்டும் அம்மா இறக்கி வைத்த பிறகுதான் கிள்ளிப் போட்டு மூடுகிறாள். அதையும் முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் கூரைக்குப் போகும், தழை வைக்கோல் ஆகும். (நம் விடுதி மெஸ்ஸில் நாள்தோறும் நடப்பது அதுவே என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.) பீரில் விசேஷம் என்னவென்றால், மிளகும் கொத்தமல்லியும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. முதலில் போட்டால் அது மிளகு வேலை செய்யும். கடைசியில் போட்டால் கொத்தமல்லி வேலை செய்யும். ஆகவே ஒரு செய்முறையைக் கையில் எடுத்ததும் எத்தனை கிராம் ஹாப் என்று பார்ப்பதைவிட, எந்த நிமிஷத்தில் எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் உவமையோடு நின்றுவிடாமல், கணக்கிலும் வரும். கசப்பை அளக்க ஓர் அலகு உண்டு. ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் அதை ஏறத்தாழ ஓர் அலகு எனக் கொள்ளலாம். க்ளென் டின்செத் என்பவர் வகுத்த சூத்திரம் வீட்டில் காய்ச்சுவோரிடையே பெருவழக்கு. நடுத்தர அடர்த்தியுள்ள சாற்றில் 60 நிமிஷம் கொதித்தால் நூற்றுக்கு 23 பங்கும், 15 நிமிஷம் கொதித்தால் 11 பங்கும், 10 நிமிஷத்தில் 8 பங்கும், 5 நிமிஷத்தில் 5 பங்குக்கும் குறைவாகவும் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறி வரும் என்பது அச்சூத்திரத்தின் முடிவு.

நண்பர் அனுப்பிய முதற் செய்முறையை இதில் வைத்துப் பார்த்தேன். காஸ்கேடு என்னும் ஹாப் 60 கிராம் முதலிலேயே போட வேண்டும். 15 கிராம் கடைசி 15 நிமிஷத்திற்கு. ஆக 75 கிராம். காஸ்கேடில் ஆல்ஃபா அமிலம் நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். 60 கிராமில் 3600 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு 23 பங்கு 828. 20 லிட்டரால் வகுக்க 41 அலகு. பின்னால் போடும் 15 கிராம் மேலும் 5 அலகு தரும். மொத்தம் 46. மணத்திற்கென்று மிஞ்சுவதோ அந்தப் பதினைந்து கிராமில் கொதித்துத் தப்பியது மட்டும்.

இரண்டாவது செய்முறையில் அதே காஸ்கேடு 140 கிராம். பார்த்தவுடன் நண்பருக்குத் திகில். "இருமடங்கு ஹாப், இருமடங்கு கசப்பு அல்லவா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஆனால் அந்த 140 எப்படிப் பிரிந்திருக்கிறது? முதலில் 30 கிராம். அது 21 அலகு. கடைசிப் பத்து நிமிஷத்திற்கு 30 கிராம். அது 7 அல்லது 8 அலகு. அடுப்பை அணைத்துச் சாறு 80 டிகிரிக்கு ஆறிய பிறகு 40 கிராம் போட்டு 20 நிமிஷம் மூடி வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஆல்ஃபா அமிலம் மிக மெதுவாகவே மாறுமாதலால் சேர்வது சில அலகுகள்தாம். எஞ்சிய 40 கிராம் நொதித்தல் முடியும் தறுவாயில் குளிர்நிலையிலேயே போட்டு ஊறவிடுவது. கொதி இல்லாததால் அங்கே புதிதாக ஐசோ அமிலம் உண்டாவதில்லை. மொத்தம் 30 அலகை ஒட்டி நிற்கும். ஹாப் ஏறத்தாழ இரட்டித்தது, கசப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மணமோ பன்மடங்கு. செய்முறையைக் கிராம் கணக்கால் மட்டும் அளப்பவர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்.

30 அலகு என்பது மிகுதியா, குறைவா? அலகை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. பாகற்காயில் வெல்லம் சேர்த்தால் கசப்பு அங்கேயே இருந்தும் நாக்கு அதைப் பொறுத்துக்கொள்வதுபோல, பீரிலும் மால்ட்டின் இனிப்புக் கசப்பைத் தாங்குகிறது. பால்காரரைச் சோதிக்க லாக்டோமீட்டர் விடுவதுபோல, சாற்றில் ஹைட்ராமீட்டர் விட்டு அடர்த்தி பார்ப்பார்கள். நீர் 1.000 என்றால் நம் சாறு 1.050. அந்த 50-ஆல் கசப்பு அலகை வகுத்துப் பார்ப்பது எளிய வழி. முதற் செய்முறைக்கு 46-ஐ 50-ஆல் வகுத்தால் 0.92, அது கசப்பை நாடுவோருக்கு. இரண்டாவதற்கு 0.6, நண்பர் கேட்ட இளங்கசப்பு இங்கேதான் இருக்கிறது. 0.4-க்கும் கீழே போனால் இனிப்பு மேலோங்கித் திகட்டத் தொடங்கும். இவையெல்லாம் மதிப்பீடுகளே, இரண்டு மூன்று அலகு வேறுபாட்டிற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அளவுகோலாக ஒரு கடைச்சரக்கையும் வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் சிக்கோ என்னும் ஊரில் கென் கிராஸ்மன், பால் கமூசி என்ற இருவர் 1980-இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல் இவ்வகைக்கு மூலவர் போன்றது. கிராஸ்மன் அதற்குமுன் வீட்டில் காய்ச்சுவோருக்கான கடை வைத்திருந்தவர். அதன் கசப்பு 38 அலகு. மதுச்சத்து நூற்றுக்கு 5.6. "ஒரு புட்டி வாங்கி நால்வரும் பகிர்ந்து சுவையுங்கள், அதைவிட ஒரு படி குறைவாக வேண்டுமா, அதுவே போதுமா என்று சொல்லுங்கள்" என்று எழுதினேன். ஒரு படி குறைவாக என்று விடை வந்தது. 30 என்ற எண் உறுதியாயிற்று. காகிதத்தில் உள்ள எண்ணை நாக்கில் உள்ள அனுபவத்தோடு ஒட்டவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கேள்வி, எந்த ஹாப்? எல்லா ஹாப்பும் எலுமிச்சை மணம் தருவதில்லை. இங்கிலாந்தின் ஃபக்கிள் மண்ணும் மூலிகையும் போல மணக்கும்; செக் நாட்டின் சாட்ஸ் மெல்லிய காரமணம் உடையது. எத்தனை கிராம் போட்டாலும் இவற்றிலிருந்து கிச்சிலி மணம் வராது. காஸ்கேடு, ஒரிகனிலேயே கோர்வாலிஸ் நகரில் அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சியில் பிறந்தது. ஃபக்கிளும் செரபிரியாங்கா என்னும் ருஷ்ய ஹாப்பும் அதன் முன்னோர். 1972-இல் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. அதன் மணத்தைக் கிரேப்ஃப்ரூட் என்பர் அமெரிக்கர். நம்மவருக்குப் பம்பளிமாசுத் தோலை நகத்தால் கீறினால் எழும் மணம் என்று சொன்னால் விளங்கும். கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாசுக்கும் கிச்சிலி இனத்துக்கும் பிறந்த கலப்புத்தான். சென்டென்னியல் 1990-இல் வந்தது. எலுமிச்சைச் சாயல் மிகுதி. அமரில்லோவில் ஆரஞ்சு மணம். 2000-களின் பிற்பகுதியில் வந்த சிட்ரா எல்லாவற்றிலும் உரத்தது. எலுமிச்சையோடு மாம்பழமும் லிச்சியும் கலந்தாற்போல் இருக்கும்.

இம்மணங்களுக்குப் பெயர் சொல்லும் மூலக்கூறுகள் சில நம் சமையலறைக்கு அந்நியமல்ல. ஹாப் எண்ணெயில் உள்ள லினலூல், கொத்தமல்லி விதை எண்ணெயின் முக்கியச் சரக்கு. ஜெரானியால் ரோஜாவில் உண்டு. லிமோனீன் எலுமிச்சைத் தோலில் உள்ளது. மிர்சீன் மாங்காயிலும் உண்டு. அதுவே எளிதில் ஓடிவிடுவது. இவற்றோடு, மிக மிகச் சிறிய அளவில் கந்தகம் சேர்ந்த தயால் என்னும் பொருள்களும் கிரேப்ஃப்ரூட் மணத்துக்குக் காரணம் என்று கண்டிருக்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்முறையில் காஸ்கேடு என்று இருக்க, கடையில் சிட்ராதான் இருக்கிறது என்று கிராமுக்குக் கிராம் மாற்றிவிடக் கூடாது. சிட்ராவில் ஆல்ஃபா அமிலம் நூற்றுக்கு 12 அளவில் இருக்கும். முதலில் போடும் 30 கிராமை அப்படியே மாற்றினால் 21 அலகு 41 ஆகிவிடும்; இளங்கசப்பு போயிற்று. முதலிற் போடுவதை ஆல்ஃபா அமிலக் கணக்குப்படி பாதியாக்க வேண்டும். காஸ்கேடுக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு மாறுதல் உண்டு. பொட்டலத்தின் மேல் அவ்வாண்டு எண் அச்சிட்டிருக்கும். 6-க்குப் பதில் 7.5 என்று இருந்தால் 30 கிராம் வேண்டா, 24 போதும். கடைசியிற் போடுவது மணத்திற்கு ஆகையால் அதன் எடையைக் குறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது செய்முறை இப்போதைய மோகம். சிட்ரா 200 கிராம். கொதியில் ஒன்றுமே இல்லை. இறக்கிய பின் 80, குளிர்நிலையில் 120. மால்ட்டோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்த்துக் கலங்கலாகப் பழரசம்போல் வருவது. நன்றாகச் செய்தால் மணத்தில் இதனை மிஞ்சுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முதன்முறை காய்ச்சுவோருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இவ்வகைப் பீருக்குக் காற்று எமன். நொதித்த பின் சிறிது ஆக்சிஜன் பட்டாலும் சில நாளில் பொன்னிறம் சாம்பல் நிறமாகும். பழமணம் நனைந்த அட்டையின் நாற்றமாகும். ஆலைகளில் கரியமில வாயுவை நிரப்பிக் காற்றை விரட்டிவிட்டு மாற்றுவார்கள். நண்பர் வீட்டில் இருப்பது ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியும் ஒரு ரப்பர் குழாயும். விலையும் கூடுதல், நாளும் குறித்தாயிற்று. ஆகவே இரண்டாவது செய்முறை என்று தீர்ப்புச் சொன்னேன். முதலிற் போடுவதைக் காஸ்கேடாகவே வைத்துக்கொண்டு, குளிர்நிலையிற் போடும் 40 கிராமில் பாதியைச் சிட்ராவாக மாற்றிக்கொள்ளுமாறு மட்டும் ஒரு திருத்தம் சொன்னேன். அங்கே கசப்புக் கணக்குக் கெடாது, மணம் உரக்கும்.

"எலுமிச்சம்பழத்தையே பிழிந்துவிட்டால் என்ன?" என்று அவ்வீட்டாரில் ஒருவர் கேட்டாராம். சாறு தருவது புளிப்பு. மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. புளிப்பும் ஹாப் கசப்பும் சேர்ந்தால் மருந்துபோல ஆகும். தோலைச் சேர்ப்பதற்கு முன்மாதிரி உண்டு. பெல்ஜியத்தில் பியர் செலிஸ் 1966-இல் ஹோகார்டன் ஊரில் மீண்டும் உயிர்ப்பித்த வெண்பீரில் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் உண்டு. அது வேறு குலம். கோதுமை மிகுந்தது, ஹாப் குறைந்தது. பேல் ஏலில் தோல் போட விரும்பினால் மேல்தோலை மட்டும் சீவி, வெள்ளைப் பகுதி படாமல், கடைசி ஐந்து நிமிஷத்தில் போடலாம். நாரத்தங்காய் நறுக்கிய கைக்கு அந்த வெள்ளையின் கசப்பு எத்தகையது என்பது தெரியும்.

மால்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 20 லிட்டருக்கு வெளிர் மால்ட் 4 கிலோவும், சற்று நிறமும் பாகுச் சுவையும் தரும் கிரிஸ்டல் மால்ட் 300 கிராமும் போதும். கிரிஸ்டல் ஒரு கிலோ என்று எந்தச் செய்முறை சொன்னாலும் தள்ளிவிடலாம். பாகு மணம் எலுமிச்சை மணத்தை மூடிவிடும். 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இரண்டு டிகிரி கூடினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடுதலாக நின்று பீர் கனக்கும். ஊறவைக்கப் பாத்திரம் இல்லாதவர் 2.7 கிலோ உலர்ந்த மால்ட் சத்துப் பொடியைக் கரைத்துக்கொள்ளலாம். மதுச்சத்து நூற்றுக்கு 5 அளவில் வரும்.

நீரைப் பலர் மறந்துவிடுகின்றனர். பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்தச் சல்பேட்டு, கசப்பைக் கூர்மையாகவும் வறட்சியாகவும் ஆக்கும். குளோரைடு அதன் முனையை மழுக்கும். போர்ட்லண்டு நகருக்கு வரும் புல்ரன் நீர் மிகவும் மென்மையானது. வெற்றுப் பலகைபோல எதையும் எழுதிக்கொள்ளலாம். இளங்கசப்பு வேண்டுவோர் ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் சம அளவில் சிறிது சேர்ப்பது நலம். ஆனால் அந்நகரக் குழாய்நீரில் குளோரமின் உண்டு. கொதித்தாலும் எளிதிற் போகாது. மால்ட்டோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாசனையைத் தரும். கேம்ப்டன் மாத்திரை பாதியைப் பொடித்துப் போட்டால் தீர்ந்தது.

ஈஸ்டில் சிக்கோ இனம் என்று வழங்குவதே இதற்கு ஏற்றது. தன் மணத்தைப் புகுத்தாமல் ஹாப்பைப் பேசவிடும். சூடு 20 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 28, 30 என்று ஏறினால் தலைவலி தரும் உயர் ஆல்கஹால்களும் வார்னிஷ் போன்ற நெடியும் சேரும். வெப்பமான வீட்டில் இருப்போர்க்கு நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழங்கிவந்த குவெய்க் ஈஸ்ட் இருக்கிறது. அது 30 டிகிரிக்கு மேலும் கெடாமல் நொதிக்கும்.

இனி, உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று. அதைச் செய்முறைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. குளிர்நிலையில் ஹாப் போடும்போது, ஹாப்பில் ஒட்டியிருக்கும் என்சைம்கள், முன்பு ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையைச் சிறிது உடைத்துக் கொடுத்துவிடும். அடங்கிவிட்டது என்று நினைத்த நொதித்தல் மறுபடி தொடங்கும். அதை அறியாமல் புட்டியில் அடைத்தால் வாயு மிகுந்து கண்ணாடி வெடிக்கும். ஆகவே ஹாப் போட்டு மூன்று நாள் ஆன பின் ஹைட்ராமீட்டர் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தாலொழியப் புட்டியைத் தொடக் கூடாது. அதன்பின் லிட்டருக்கு 6 கிராம் வீதம் 120 கிராம் சர்க்கரையைக் காய்ச்சிக் கரைத்து, பீர் முழுவதிலும் சீராகக் கலந்து அடைக்க வேண்டும். அளவைக் கண்ணால் பார்த்துப் போடுவது கூடாது, தராசு வேண்டும். நண்பருக்கு நான் மூன்று முறை அடிக்கோடிட்டு எழுதிய வாக்கியம் இதுதான்.

புட்டி பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். வெயிலோ குழல்விளக்கோ பட்டால் ஐசோ ஆல்ஃபா அமிலம் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாகி, ஸ்கங்க் என்னும் பிராணியின் நாற்றத்தை எழுப்பும். பச்சைக் கண்ணாடி அழகாயிருந்தாலும் இதைத் தடுக்காது. அறைச் சூட்டில் இரண்டு வாரம் வைத்தால் வாயு ஏறிவிடும். அதன்பின் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஹாப் மணம் நாளுக்கு நாள் தேய்வது. பட்டமளிப்பு நாளிலிருந்து ஐந்து வாரம் பின்னோக்கி எண்ணி அடுப்பு மூட்டுமாறு எழுதியிருக்கிறேன்: நொதிக்க இரண்டு வாரம், ஹாப் ஊறி அடங்க ஒரு வாரம், புட்டியில் இரண்டு வாரம். அதற்கு முன்னரே காய்ச்சி வைத்தால் கசப்பு இருக்கும், எலுமிச்சை இராது.